குறுக்குக் கட்டையில் ஒரு தொட்டில்

பெர்னி தூங்கிவிட்டாள். இனி அவள் தூங்குகிற நேரம்தான் எனக்கு நேரம், அதற்குள் இந்த மூக்குக்குள் நுழைந்து மிச்சச் சுவரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், நாளைக்குக் காலைப் பூசை முடிந்து ஃபாதர் வந்து மந்திரித்ததும் படகு தண்ணீருக்குப் போய்விடும், அப்புறம் எங்கே தேய்க்க. முதல் சுற்று நாங்கள் மூன்று பேரும்தான் என்று லிகோரி ஊரெல்லாம் சொல்லியாயிற்று, அவர், நான், பெர்னி, வேறு ஒருத்தரும் ஏறக் கூடாதாம், எங்கள் கல்யாணத்துக்குக்கூட மனிதர் இப்படி வாய் நிறைய ஆள் அழைக்கவில்லை. மூக்கு என்று சொல்வது நான்தான், அவர் அணியம் என்பார், படகின் முன்முனை, உள்ளே போகப் போக ஒடுங்கி ஒடுங்கிக் கடைசியில் என் உள்ளங்கை மட்டும் போகிற இடமாக முடிகிறது, ஆம்பிளைத் தோள் எதுவும் இதற்குள் வராது. என் தோள் வரும். பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு மட்டும் ஒரு தரம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறது. வெளியே ரொசாலி அக்கா உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து வீடு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வலையில் ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருக்கிறாள், படகின் குறுக்குக் கட்டையில் தொங்குகிற பெர்னியின் சேலைத் தொட்டிலிலிருந்து ஒரு சரடை இழுத்துக் கால் பெருவிரலில் கட்டியிருக்கிறாள், விரல் அசைந்தால் தொட்டில் ஆடும், கை வலையைப் பார்க்கும், வாய் என்னைப் பார்க்கும். "ஏட்டி ஜெனோவா, உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறியா, சோத்தை அங்கனயே தள்ளட்டா?" தள்ளுங்க அக்கா, குழம்பையும் சேர்த்துத் தள்ளுங்க என்றேன், என் குரல் எனக்கே திரும்பி வந்தது, யாரோ பெரிய பொம்பளை சொன்ன மாதிரி. அதற்குப் பின்னால் ஒரு சத்தம். டக். சின்னதாக, நகத்தால் பானையைச் சுண்டின மாதிரி. என்னவாவது இருக்கும், தேய்.

தேய்க்கத்தான் செய்கிறேன், ஆனால் கை நின்று நின்று போகிறது, இந்த வெளிச்சம் விட்டால்தானே. லிகோரி வெளிப்பக்கத்துப் பழைய பெயிண்டை மெஷின் போட்டு எடுத்துவிட்டார், புதுப் பெயிண்டு இந்த முனைக்கு இன்னும் அடிக்கவில்லை, அதனால் வெயில் ஃபைபரை ஊடுருவிக்கொண்டு உள்ளே வருகிறது, மஞ்சளும் இல்லை பச்சையும் இல்லை, இளநீர்க் காய்க்குள் உட்கார்ந்துகொண்டு சூரியனைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் போல. கண்ணாடி நார் ஒவ்வொன்றும் தெரிகிறது, அரசிலை காய்ந்து நரம்பு மட்டும் நிற்குமே அப்படி, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, எங்கேயும் முடியாமல். தலைக்குமேல் ஒரு காக்கை நடக்கிறது, அதன் இரண்டு கால் நிழலும் என் நெற்றிக்குமேல் தத்தித் தத்திப் போகிறது, அதற்கு என்ன தெரியும், அடியில் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. பெர்னி வயிற்றில் இருந்தபோது, பாவம் இருட்டுக்குள் கிடக்கிறாளே என்று நான் நினைப்பேன், ராத்திரி விளக்கை அணைக்கும்போது அவளுக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். இருட்டு இல்லையோ. மீன் காயப்போட நான் கடற்கரை வெயிலில் நின்ற நேரமெல்லாம் அவளுக்கு உள்ளே இப்படி ஒரு வெளிச்சம் வந்திருக்குமோ, அவளும் என் நரம்பையெல்லாம் இப்படிப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாளோ, ரொசாலி அக்கா குரல் இப்படித்தான் கிணற்றுக்கு அடியில் இருந்து வருகிற மாதிரிக் கேட்டிருக்குமோ. டக். திரும்பவும் அதே சத்தம். காக்கை என்று நினைத்தேன், காக்கை பறந்துபோய்விட்டது, நிழல் இல்லை. டக்.

இந்தப் படகை முதலில் பார்த்த அன்றைக்கும் இப்படித்தான் வாயைப் பிளந்து நின்றேன். மூடிப்போன உல்லாச விடுதி ஒன்றின் பின்பக்கம், உடைமரத்துக்கு அடியில் கிடந்தது, ஒல்லியும் நீளமுமாக இரண்டு வள்ளம், ஒன்றை ஒன்று தொடாமல், நடுவில் ஆள் பாய் விரித்துப் படுக்கிற அளவு இடைவெளி, மேலே குறுக்காகக் கட்டைகள் போட்டு இரண்டையும் சேர்த்திருந்தது. அந்த இடைவெளி நிழலில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன, அதுகளுக்குத்தான் வீடு, நாங்கள் விருந்தாளி. லிகோரி அடுத்தவன் படகுக்கெல்லாம் ஓட்டை அடைத்துக் கொடுக்கிறவர், கண்ணாடி நாரையும் ரெசின் பசையையும் வைத்து எந்தப் பிளவையும் கல்லாக்கிவிடுவார், ஆனால் தன் பேருக்கு ஒரு படகு கிடையாது. அங்கே கதவு ஒட்டத்தான் போயிருந்தார், சாப்பாடு கொண்டுபோனது நான். காவல்காரர் சொன்னார், ஒரு வெள்ளைக்காரரும் பொண்டாட்டியும் இந்தப் படகில் பாய் விரித்துக் கடல் கடலாக வந்தார்கள், இங்கே வந்ததும் அந்த அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் விமானத்தில் போனவர்கள் திரும்பி வரவில்லை, விற்கத் தாளும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை, முதலாளி தூக்கிக்கொண்டு போனால் போதும் என்கிறார் என்று. கடல் கடலாகவா. நான் வள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது, மாட்டின் வயிறு மாதிரி. அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தேன், ஒரு படுக்கைப் பலகை, அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள். துணி காயப்போட என்றார் லிகோரி, தூண்டில் மாட்ட என்றார் காவல்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது. படுக்கைக்குப் பக்கத்தில், அத்தனை தாழ்வாக, அத்தனை நெருக்கமாக, வளையத்தின் உள்விளிம்பு தேய்ந்து பளபளவென்று, இதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாக்காரியிடம் தூண்டில் என்கிறீர்களே. பிள்ளை உருண்டு விழாமல் இருக்க வலை கட்டின இடம் அது. அவ்வளவு பெரிய கடலில் ஒரு பிள்ளை இந்தப் பலகையில் தூங்கியிருக்கிறது, அலை தூக்கித் தூக்கிப் போட்டிருக்கும், அது விரலைச் சூப்பிக்கொண்டு கிடந்திருக்கும். அப்போது பெர்னி என் இடுப்பில்தான் இருந்தாள், என் தோளில் எச்சில் ஒழுகவிட்டுக்கொண்டு. எடுத்துக்கிடுவோங்க என்றேன். ஏட்டி, நீயா சொல்லுதே என்றார் அவர், கருவாட்டுக்குத் தட்டி வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நான்.

டக். தொட்டில் முடிச்சாக இருக்குமோ, இறுகும்போது கயிறு இப்படிச் சத்தம் போடும்தான், இல்லை, கயிறு முனகும், சொடுக்காது. அந்தக் கயிற்றை எனக்குத் தெரியும். படகை வீட்டுப்பக்கம் கொண்டுவந்த மறுநாளே ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் குறுக்குக் கட்டைகள் ஒன்றிலும் ஆணி இல்லை, நட்டு இல்லை, எல்லாம் கயிறு, கட்டைக்கும் வள்ளத்துக்கும் நடுவே சுற்றிச் சுற்றி, மேலே கான்வாஸ் துணி போட்டு மூடிக் கட்டியிருந்தது. "என்ன லிகோரி, எல்லாரும் ஃபைபருக்குப் போயாச்சு, நீரு மட்டும் திரும்பக் கட்டுமரத்துக்கு வந்துட்டீரா?" "வெள்ளைக்காரன் கட்டுமரம்டே, ஆங்கிலத்துல மிதக்கும்." அவர் சிரித்த மாதிரிதான் நின்றார், காது மட்டும் சிவந்துவிட்டது. அன்றைக்கே அரிவாளை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார், காசில்லாதவன் கட்டின கட்டு இது, வழியில் எங்கேயோ நட்டு உடைந்து கயிற்றால் சமாளித்திருக்கிறான், நான் இரும்பு போட்டு இறுக்கி, மேலே ரெசின் போட்டுக் கல்லாக்கிவிடுகிறேன், அப்புறம் இப்படிக் கிழவி பல் மாதிரி ஆடாது என்றார். வெட்டாதீங்க, நல்ல கயிறு என்று நான் குறுக்கே விழுந்தேன். கயிற்றை வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவன்தான் வெட்டுவான். நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். வெயில் படாமல் துணிக்குள் இருந்ததால் இற்றுப்போகவே இல்லை. அவிழ்க்க அவிழ்க்க விரல் அதன் வழியைப் படித்துக்கொண்டே போனது, கட்டைக்கு மேலே வந்து, வள்ளத்துத் துளைக்குள் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, பிறகு எல்லாச் சுற்றுக்கும் நடுவே குறுக்காக ஓடி இடுப்பைப் பிடித்து நெரித்த மாதிரி ஒரு இறுக்கம், எங்கேயும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை, எங்கேயும் அவசரம் இல்லை. இது காசில்லாதவன் கட்டு இல்லையே, காசில்லாதவன் இவ்வளவு அழகாகவா சமாளிப்பான் என்று அன்றைக்கே தோன்றியது, தோன்றினதைச் சொல்லவில்லை, பெர்னி அழுதாள், பால் கொடுக்கப் போய்விட்டேன். கயிறு இருந்த இடத்தில் அவர் இரும்பு போட்டு ரெசினால் மூடினார், அந்தக் கயிற்றில்தான் நான் பிறகு தொட்டில் கட்டினேன், எங்கள் வீட்டில் வீண் என்று ஒன்று கிடையாது.

டக். கையை எடுத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். ஜெபமாலை டீச்சர் எங்களையெல்லாம் மேசையில் காதை வைக்கச் சொல்லிவிட்டு அந்தக் கடைசியில் நின்று மேசையைச் சுரண்டுவார், இடி இடிக்கிற மாதிரிக் கேட்கும், காத்தைவிடக் கட்டைக்கு வாய் பெரிசு பிள்ளைகளா என்பார், பள்ளிக்கூடத்தில் படித்ததில் அது ஒன்றுதான் மறக்கவில்லை, இன்றைக்கு உதவுகிறது. காதை வைத்தால் கடல் கேட்கிறது, மணல் வழியாக அலை வந்து மோதுகிறது, ரொசாலி அக்கா இருமுகிறாள், ஈயக்குண்டு வாளியில் உரசுகிறது, பெர்னியின் மூச்சுகூடக் கேட்கிற மாதிரி ஒரு பிரமை. அதற்கு நடுவே டக், இப்போது நகச் சத்தம் இல்லை, எலும்புச் சத்தம். தொட்டில் கடல்பக்கம் போய்த் திரும்புகிற நேரத்தில் டக். நான் கத்தினேன், "அக்கா, ஆட்டாதீங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க." "எதுக்குட்டி, பிள்ளை முழிக்கவா?" "நிப்பாட்டுங்களேன்." விரல் நின்றது, தொட்டில் நின்றது, சத்தம் நின்றது. "ஆட்டுங்க." டக். "உனக்கென்ன பித்தா, ஆட்டு நிப்பாட்டுனு, நான் என்ன கிரைண்டரா?" அவளுக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், ஆனால் நான் மல்லாந்து பின்னால் நழுவி, குறுக்குக் கட்டை வள்ளத்தில் வந்து உட்காருகிற இடத்துக்குக் கீழே வந்து கிடந்தேன், வெளிச்சம் அங்கேயும் கசிந்தது, அந்த வெளிச்சத்தில் ஒரு கோடு. லிகோரி போட்ட புது ரெசினின் ஓரத்தில், தலைமுடி கனத்தில், கறுப்பாக. தொட்டில் போனால் கோடு திறக்கிறது, வந்தால் மூடுகிறது. என் பிள்ளையின் கனம் என்ன கனம், ஒரு பூசணிக்காய் கனம் இருப்பாளா.

நேற்று என்ன நடந்தது என்று யோசி ஜெனோவா, நேற்று ஊர் ஆம்பிளைகள் எல்லாம் தோள் கொடுத்து, ஏலேலோ போட்டு, பனந்தடிகளை உருட்டிப் படகைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். மணல் ஒரே மட்டமாகவா இருக்கும். மூத்தவள் மேட்டில் ஏறினாள், இளையவள் பள்ளத்தில் இறங்கினாள், மூத்தவள் இளையவள் என்று நான்தான் இரண்டு வள்ளத்துக்கும் பேர் வைத்திருக்கிறேன், இப்போது நான் இருப்பது மூத்தவளின் வயிற்றில். ஒருத்தி ஏற ஒருத்தி இறங்க, நடுவில் இருக்கிற கட்டை என்ன செய்யும், வளைய முடியாது, இரும்பும் கல்லும் போட்டு இறுக்கியிருக்கிறது, அதனால் உடம்புக்குள்ளேயே ஒடிந்து பார்த்திருக்கிறது. இப்போதும் பார், மூத்தவள் மேட்டில், இளையவள் ஈர மணலில் கொஞ்சம் புதைந்து, இழுவை நிற்கவே இல்லை. மணலே இப்படி என்றால் கடல். கடலில் ஒரு நொடி மட்டம் உண்டா. அங்கே ஒருத்தி அலைக்கு மேலே இருக்கும்போது மற்றவள் அடுத்த அலைக்குக் கீழே இருப்பாள், எப்போதும், ராவும் பகலும், கடல் கடலாக. அதற்குத்தானா கயிறு. நட்டு உடைந்து கட்டினது இல்லை, முதலிலிருந்தே, யோசித்தே, இரண்டு பேரும் அவரவர் அலையில் ஏறி இறங்கட்டும், ஆனால் பிரிந்து போக வேண்டாம் என்று அவ்வளவுக்கு மட்டும் இறுக்கி, அவ்வளவுக்கு மட்டும் விட்டு. யார் இதை யோசித்தார்கள், எந்த ஊர்க் கடற்கரையில், என்ன சாப்பிட்டுவிட்டு. இது பயமா இல்லை வேறு எதுவுமா தெரியவில்லை, கோயிலில் மணி அடித்து எல்லோரும் முட்டி போடுகிற நேரத்தில் நெஞ்சுக்குள் ஒன்று காலியாகுமே, அது. இவ்வளவு பெரிய காரியம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது, நான் பால் கொடுக்கப் போய்விட்டேன்.

இப்போது அவரிடம் என்ன சொல்ல. ஒன்றும் சொல்லாமல் விட்டால் நாளைக்குக் காலையில் மூன்று பேரும் ஏறுவோம், கச்சான் காற்று இந்த மாதத்தில் சும்மா இருக்காது, பாய் விரித்துக் கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கோடு, நினைக்காதே, நினைத்தாயிற்று, பெர்னிக்கு நீச்சல் என்றால் பேசினில் தண்ணீரை அடிக்கிறதுதான். சொன்னால் அவர் முகம். எத்தனை பேர் படகை ஒட்டிக் கொடுத்த கை, தன் படகு என்று ஒன்றைத் தொட்டுச் செய்தது இதுதான், அதிலும் தான் ஒட்டின இடமே பிளந்தது என்று பொண்டாட்டி சொல்வதா, ஊர் வேறு நாளைக்கு வந்து நிற்கும், ஃபாதர் வந்து தண்ணீர் தெளிப்பார், காப்பிக்குப் பால் சொல்லியாயிற்று. மேலே இன்னும் கொஞ்சம் ரெசின் போட்டால் போதும் என்பார், போட்டுவிடுவார், பெயிண்டு அடித்துவிடுவார், கோடு தெரியாது, நானும் தெரியாத மாதிரி ஏறி உட்காருவேன், ஏறுவேனா, என்னை மட்டும் என்றால் ஏறுவேன், சண்டைக்குப் பயந்து எதிலும் ஏறுகிறவள்தான் நான், ஆனால் இடுப்பில் ஒருத்தி இருக்கிறாளே. அந்த வளையம் தேய்ந்து கிடந்ததே. அந்த அம்மாக்காரியும் ஒரு காற்று நாளில் காதை வைத்துக் கேட்டிருப்பாள், கயிறு முனகியிருக்கும், சரி, ஆடுகிறது, அப்படியென்றால் பிழைத்தோம் என்று பிள்ளையைத் தட்டிக் கொடுத்திருப்பாள். முனகினால் நல்லது, சொடுக்கினால் கெட்டது. இதை எப்படி வாயால் சொல்ல, வாயால் சொன்னால் சண்டைதான் வரும்.

மணலில் செருப்புச் சத்தம், அவர்தான், பெயிண்டு வாளி, விசில். "ஜெனோ, பேரு எழுத வெள்ளையா மஞ்சளா?" உள்ளே வாங்க என்றேன். "தோளு நுழையாதுட்டீ." தலையை மட்டும் நுழையுங்க, காதைச் சுவத்துல வையுங்க, ஒண்ணும் கேட்காதீங்க. நான் வெளியே வந்து ரொசாலி அக்காவின் பெருவிரலிலிருந்து சரடை வாங்கிக்கொண்டேன், அவள் என்னமோ கேட்க வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்து ஈயக்குண்டை எடுத்துக்கொண்டாள். தொட்டிலை ஆட்டினேன். அவர் முதுகும் காலும் மட்டும் வெளியே தெரிகிறது, தலை படகுக்குள்ளே, மடுவில் முட்டுகிற கன்றுக்குட்டி மாதிரி. ஒரு ஆட்டு. இன்னொரு ஆட்டு. முதுகு அசையவில்லை. மூன்றாவதில் அவர் தோள் மெல்ல இறங்கினது எனக்குத் தெரிந்தது, கை உள்ளே நீண்டு அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது என்பது தோள் அசைவிலேயே தெரிந்தது. வெளியே வந்தபோது காதில் சுவரின் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மேட்டில் நிற்கிற மூத்தவளைப் பார்த்தார், தாழ்ந்து நிற்கிற இளையவளைப் பார்த்தார், குனிந்து இரண்டுக்கும் நடுவே கடலைப் பார்த்தார், அங்கே தூரத்தில் யாருடைய வள்ளமோ அலையில் ஏறி மறைந்து ஏறி மறைந்து போய்க்கொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்தார். ரெசின் என்று சொல்லிவிடாதீங்க, சொல்லிவிடாதீங்க என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "இது ஆடணும், என்ன?" என்றார் கடைசியில், என்னிடம் இல்லை, படகிடம். "ஆடணுங்க." "நான் இதுக்கு விலங்கு போட்டு வச்சிருக்கேன்." "ஏல லிகோரி, நாளைக்கு வெள்ளோட்டம் உண்டா இல்லியாடே?" என்றாள் ரொசாலி அக்கா. "ஃபாதர் வரட்டும், மந்திரிக்கட்டும், எல்லாரும் காப்பி குடிச்சிட்டுச் சிரிச்சிட்டுப் போங்க. படகு நாங்க கட்டினப்புறம்தான் தண்ணிக்குப் போவும்," என்றார், கட்டினப்புறம் என்று சொல்லும்போது அவர் காது சிவக்கவில்லை. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "அந்தக் கயிறு எங்க, வித்துட்டியா?" "வித்தா உம்ம மவ எதுல தூங்குதா?" அவர் தொட்டிலைப் பார்த்தார், மேலே ஏறி முடிச்சைத் தொட்டார், கயிற்றில் பழைய சுற்றின் மடிப்பு இன்னும் நிமிராமல் அங்கங்கே நெளிந்து நின்றது, அந்த மடிப்பை விரலால் நீவினார். "கட்டின வழி உனக்கு ஞாபகம் இருக்கா?" "விரலுக்கு இருக்கு. விரல் மறந்தா மடிப்பு சொல்லும்." அவர் கை முடிச்சுக்குப் போனது, போய் நின்றது, சேலைக்குள் பெர்னி ஒரு காலை நீட்டி மடக்கினாள், மூச்சு சீராக வந்தது. "முழிக்கட்டும்," என்றார் மெதுவாக, என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அவள் தூங்குகிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று அரக்கப்பரக்க ஓடியே பழகினவள், இன்றைக்கு முதல்தடவையாக அவள் விழிப்பதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சரடு என் கையில்தான் இருக்கிறது, ஆட்டவில்லை. ரொசாலி அக்காகூட ஈயக்குண்டைக் கீழே வைத்துவிட்டாள். காற்று வந்து தொட்டிலை ஒருதரம் தானாகவே தள்ளிவிட்டுப் போனது, நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், கட்டை டக் என்றது, கயிறு முனகியது, அவள் கண்ணைத் திறந்து, தலைக்குமேல் சுற்றிச் சுற்றிப் போகிற கயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், அழவில்லை.